டூலிக்கு ஒரு வெள்ளைக் குழம்பு

ஆக்லாந்துக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. இடுப்பெலும்பு உடைந்து கிடந்த ஓர் அமெரிக்கருக்குத் துணையாகப் போனேன்.

அப்போது சிங்கப்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். யார் எந்தக் கப்பலில் ஏறுவது, யார் எந்தத் துறைமுகத்தில் இறங்கி வீட்டுக்குப் போவது என்று பார்க்கிற மேசை வேலை. எங்கள் சரக்குக் கப்பல் ஒன்று ஆக்லாந்தில் நின்றிருந்தபோது அதன் சீஃப் இன்ஜினியர் ரே டூலி ஏணியில் கால் வழுக்கி விழுந்துவிட்டார். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அடுத்த துறைமுகத்துக்குக் கிளம்பிவிட்டது. "நீ போய்க் கூட இரு. அவர் தேறியதும் விமானம் ஏற்றிவிட்டு வா" என்றார் மேலாளர். ஏன் என்னை அனுப்புகிறார் என்று கேட்டேன். "உனக்குத்தான் இங்கே குடும்பம் இல்லையே" என்றார். உண்மைதான். மனைவி தூத்துக்குடியில் பள்ளி ஆசிரியை. நான் எங்கே இருந்தாலும் அவளுக்கு ஒரே தூரம்தான்.

ஜூலை மாதம். எங்கள் ஊரில் மண்ணை வாரி முகத்தில் அடிக்கிற காற்றுக் காலம். இங்கே மழைக்குளிர். ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு மோட்டலில் அறை. ஜன்னலுக்கு வெளியே பாதி எழும்பி நின்ற ஒரு கான்கிரீட் கோபுரம் மேகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தது. அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் ஒரு சத்தமும் இல்லை. சிங்கப்பூரில் நான் இருந்த அடுக்குமாடியில் எந்த நேரமும் யாராவது எதையாவது வதக்கிக்கொண்டிருப்பார்கள். இங்கே கம்பள விரிப்பு என் காலடிச் சத்தத்தைக்கூட விழுங்கிவிட்டது.

வார்டில் டூலி ஜன்னல் பக்கக் கட்டிலில் கிடந்தார். அறுபதைத் தாண்டியவர். பெரிய உடம்பு, நரைத்த தாடி, முன்கையில் பச்சை குத்திய, நிறம் மங்கிய நங்கூரம். நான் என்னை அறிமுகம் செய்துகொண்டேன்.

"கம்பெனி ஆளா? பூ எங்கே?"

"கொண்டுவரவில்லை."

"அது சரி. செத்தால்தான் பூ வரும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மதியச் சாப்பாட்டுத் தட்டு தொடாமல் இருந்தது. அவித்த உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணி, ஏதோ இறைச்சி. டாக்டர் ஓர் இளம்பெண். என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்: "அறுவை சிகிச்சை நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் இவர் சாப்பிடுவதில்லை. சாப்பிடாவிட்டால் புண் ஆறாது. நடக்கப் பழக்கவும் முடியாது. இப்படியே படுத்துக் கிடந்தால் எழுந்திருக்க மாட்டார்."

திரும்பிப் போய், "உங்களுக்கு என்னதான் வேண்டும்? சொல்லுங்கள், வாங்கி வருகிறேன்" என்றேன்.

சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "பிஸ்கட்டும் கிரேவியும்."

இவ்வளவுதானா என்று நினைத்தேன். தெருமுனைக் கடைக்குப் போனேன். அங்கே அந்த மாதிரிக் கடைக்கு 'டெய்ரி' என்று பெயர். பலகையைப் பார்த்துப் பால் பண்ணை என்று நினைத்து முதலில் தாண்டிப் போய்விட்டேன். கடைக்காரர் குஜராத்தி. இஞ்சி பிஸ்கட் ஒரு பாக்கெட் வாங்கினேன். ஆஸ்பத்திரி கேன்டீனில் பழுப்பு கிரேவி ஒரு கப் கேட்டு வாங்கினேன். டீயில் தொட்டுச் சாப்பிடுவது போல இவர்கள் ஊரில் குழம்பில் தொட்டுச் சாப்பிடுவார்கள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு இரண்டையும் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

டூலி பிஸ்கட்டைப் பார்த்தார். கிரேவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பில் கட்டில் ஆடி, இடுப்பில் வலி பிடித்து, கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

"பிஸ்கட் என்றால் இது இல்லை, சங்கர். மிருதுவாக, சூடாக, பிய்த்தால் அடுக்கடுக்காக வருகிற ஒரு ரொட்டி. கிரேவி வெள்ளை. பாலில் செய்வது. பன்றி சாஸேஜை உதிர்த்துப் போட்டு, மாவும் பாலும் மிளகும் சேர்த்துக் கொதிக்கவிட வேண்டும். ரொட்டியைப் பிளந்து அதன் மேல் ஊற்ற வேண்டும். எங்கள் ஊர் அர்கன்சாவில் காலைச் சாப்பாடு என்றால் அதுதான்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "நீ ருசி பார்த்து நல்லதாக வாங்கிவா" என்றார்.

"எனக்கு இறைச்சிப் பழக்கம் கிடையாது. பிறந்ததிலிருந்தே."

அவர் கூரையைப் பார்த்தார். "சாஸேஜ் கிரேவி தேடுவதற்குக் கம்பெனி சைவ ஆளை அனுப்பியிருக்கிறது."

மறுநாள் காலை தேடக் கிளம்பினேன். நகரத்தின் நடுவில் அமெரிக்கப் பாணியில் ஓர் உணவகம் இருந்தது. தரையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள், சிவப்பு ரெக்ஸின் இருக்கைகள், மூலையில் காசு போட்டால் பாடுகிற பெட்டி. இங்கே கிடைக்காவிட்டால் வேறு எங்கே கிடைக்கும் என்று நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டேன். பரிமாறுகிற பெண் சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினாள். "பிஸ்கட் மேல் கிரேவி ஊற்றித் தர முடியுமா என்று ஒருத்தர் கேட்கிறார்!" உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. "அவருக்கு உடம்பு சரியில்லையா?"

அங்கே பர்கரும் மில்க் ஷேக்கும்தான். வெளியே வரும்போது அந்தப் பெண், "அப்புறம் பார்க்கலாம்" என்றாள். அந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்லி வழியனுப்புகிறார்கள். பஸ் டிரைவர், தபால் நிலையத்தில் இருப்பவர், டெய்ரிக்காரர் எல்லோரும். முதல் இரண்டு நாள் நான் அதை நிஜமென்றே எடுத்துக்கொண்டேன். எப்போது, எங்கே என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேன். பிறகுதான் அது வெறும் வார்த்தை என்று புரிந்தது. புரிந்த பிறகு இன்னும் கொஞ்சம் தனியாகிவிட்டேன்.

அன்று என் சாப்பாடு உருளைக்கிழங்கு வறுவல். செய்தித்தாளில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். குளிருக்கு அமிர்தமாக இருந்தது. பாதி தீர்ந்த பிறகு, இவ்வளவு மணமாக இருக்கிறதே, எந்த எண்ணெய் என்று கடைக்காரரிடம் கேட்டேன். "எண்ணெயா? மாட்டுக் கொழுப்பு" என்றார் பெருமையாக. மீதியைக் கடற்பறவைகளுக்குப் போட்டேன். அதன்பிறகு ரொட்டி, வெண்ணெய், வாழைப்பழம். மூன்று வேளையும்.

அடுத்த நாள் யாரோ சொன்னார்கள் என்று துறைமுகப் பாலத்துக்கு அந்தப் பக்கம் டேகபுனாவில் ஓர் உணவகத்துக்குப் புறப்பட்டேன். பஸ் எண்ணைத் தப்பாகப் படித்துவிட்டேன். பாலம் தாண்டி, வீடுகள் தாண்டி, பஸ் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் என்னைத் தவிர யாரும் இல்லை. "ஆல்பனி. இதற்கு மேல் போகாது" என்றார் டிரைவர். இறங்கிப் பார்த்தால் ஒரு பக்கம் மண்ணைத் தோண்டிப் போட்டு ஏதோ கட்டிக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம் புல்வெளியில் மழையில் நனைந்தபடி மாடுகள். ஒன்று தலையைத் தூக்கி என்னையே பார்த்தது. வந்து இத்தனை நாளில் என்னை நிதானமாகப் பார்த்த முதல் ஜீவன் அதுதான்.

சாலையோரத்தில் ஒரு சின்ன டீக்கடை. வயதான அம்மா ஒருவர் நடத்தினார். நான் விஷயத்தைச் சொன்னதும் யோசித்துவிட்டு, "நீங்கள் சொல்வது கிட்டத்தட்ட ஸ்கோன்தான்" என்று கண்ணாடிப் பெட்டியிலிருந்து பன் மாதிரி நாலைந்தை எடுத்துக் காகிதப் பையில் போட்டுத் தந்தார். பஸ் வர ஒரு மணி நேரத்துக்கு மேலானது. பையைக் கோட்டுக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்து எடுத்தபோது அவை நசுங்கியிருந்தன. டூலி ஒன்றைப் பிய்த்து மோந்து பார்த்தார். "பத்துக்கு மூன்று. தித்திக்கிறது. எவ்வளவு தூரம் போனாய்?"

சொன்னேன். மாட்டைப் பற்றியும் சொன்னேன். அவர் ஸ்கோனில் பாதியைத் தின்றார்.

தட்டுகளை எடுக்க வந்த பெண் அதைப் பார்த்துவிட்டார். நாற்பது வயதிருக்கும். வெள்ளைத் தொப்பி, ரப்பர் செருப்பு. என் பக்கம் திரும்பி மெதுவாக, "தம்பி, நீங்கள் தமிழோ?" என்றார்.

நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். "ஆமாக்கா. தூத்துக்குடி."

"நான் மன்னார். கடலுக்கு இங்கால நாங்கள், அங்கால நீங்கள்" என்று சிரித்தார். பெயர் றெஜினா. ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் வேலை. "உங்கட ஆள் ஒண்டும் சாப்பிடுறார் இல்லை. நான் கொண்டு வாற தட்டை அப்படியே திருப்பிக் கொண்டு போறன். எனக்கே கவலையாக் கிடந்தது. இண்டைக்குத்தான் வாய் அசையிறதைக் காணுறன்."

பிஸ்கட் கதையைச் சொன்னேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து தட்டெடுக்க வரும்போதெல்லாம், "இண்டைக்கு எங்க போனனீங்கள்?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே நான் கவனமாக ஊரைப் பார்க்கத் தொடங்கினேன்.

அக்கா சொல்லித்தான் எப்சம் போனேன். பள்ளிக்கூடங்கள் நிறைந்த பகுதி. மாணவர்கள் வருகிற ஒரு சிற்றுண்டிக்கடை. சமையல்காரர் குட்டையான நியூசிலாந்துக்காரர். நான் "பிஸ்கட்டும் கிரேவியும்" என்று சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"யார் கேட்டது?"

"ஓர் அமெரிக்கர். ஆஸ்பத்திரியில் இருக்கிறார்."

"நான் அண்டார்டிகாவில் அமெரிக்கர்களுக்குச் சமைத்தவன். வெளியே பனிப்புயல். உள்ளே எல்லோரும் கேட்பது அது ஒன்றைத்தான். உட்காருங்கள்."

அவர் செய்வதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வெள்ளையாகக் கொதித்தது, நம் ஊர்க் கஞ்சி போல. சுடச்சுட ஒரு டப்பாவில் அடைத்து, துணி சுற்றித் தந்தார். டாக்ஸி பிடித்துப் போனேன்.

டூலி முதல் கரண்டியை வாயில் வைத்துக் கண்ணை மூடினார். "ஏழு" என்றார். முழுவதும் சாப்பிட்டார். மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். டாக்டர் அவரை எழுப்பி உட்காரவைத்தார். டூலி கைப்பிடிச் சட்டத்தைப் பிடித்து இரண்டடி வைத்தார். நான் சிங்கப்பூருக்குப் போன் செய்து தேறி வருகிறார் என்று சொன்னேன். "அப்படியானால் அவர் வீட்டோடு பேசி அழைத்துக்கொள்ள ஏற்பாடு செய்" என்றார் மேலாளர்.

நான்காவது நாள் டூலி இரண்டு கரண்டியோடு டப்பாவைத் தள்ளி வைத்தார்.

"நன்றாக இல்லையா?"

"நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது அது இல்லை."

"எது குறைகிறது?"

"தெரிந்தால் சொல்ல மாட்டேனா?" என்று எரிந்து விழுந்தார். மீண்டும் சுவர்ப்பக்கம். அன்று நடைப்பயிற்சிக்கும் வரமாட்டேன் என்றார். வீட்டைப் பற்றிக் கேட்டேன். "எந்த வீடு?" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் முற்பகலில் மோட்டல் அறையிலிருந்து அமெரிக்காவுக்குப் போன் செய்தேன். அங்கே முந்தைய நாள் சாயங்காலம். கம்பெனியில் உறவினர் என்று அவர் கொடுத்திருந்தது ஒரே ஒரு பெயர், தங்கை வாண்டா. எடுத்த குரல் கரகரப்பாக இருந்தது. நான் யார் என்று சொல்லி முடிப்பதற்குள் கேட்டார்.

"செத்துவிட்டானா?"

"இல்லை அம்மா. இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார்."

"அப்படியானால் என்னை எதற்குக் கூப்பிடுகிறீர்கள்? அம்மா இறந்தபோது தந்தி கொடுத்தேன். வரவில்லை. வீட்டை விற்றாயிற்று. நான் ஒரு கடைக்கு மேலே மாடியில் ஒற்றை ஆளாக இருக்கிறேன். அவனுக்கு இங்கே என்ன இருக்கிறது?"

போனை வைத்துவிடுவாரோ என்ற பயத்தில் வாயில் வந்ததைக் கேட்டேன். "அம்மா, உங்கள் வீட்டில் பிஸ்கட்டும் கிரேவியும் எப்படிச் செய்வீர்கள்?"

லைன் அறுந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"எதற்குக் கேட்கிறீர்கள்?"

"அவர் வேறு எதையும் சாப்பிட மாட்டேன் என்கிறார். நானும் இந்த ஊர் முழுக்கத் தேடிவிட்டேன். சாஸேஜ் போட்டு நன்றாகவே ஒருவர் செய்து தந்தார். இது அது இல்லை என்கிறார்."

"சாஸேஜா?" வாண்டா சிரித்த மாதிரி இருந்தது. "எங்கள் வீட்டில் சாஸேஜை யார் கண்டது? ஒரு மாடு இருந்தது. வெண்ணெயில் மாவைப் போட்டு, லேசாகச் சிவக்க விட்டு, பாலை ஊற்றிக் கிளறுவாள் அம்மா. தும்மல் வருகிற வரைக்கும் மிளகு. அவ்வளவுதான். பிஸ்கட்டுக்கு மோர் ஊற்றிப் பிசைவாள். மூன்று வேளையும் அதுதான். அந்தத் தட்டைத் தரையில் வீசிவிட்டு, இனிமேல் இதைத் தின்ன மாட்டேன் என்றுதான் அவன் வீட்டைவிட்டுப் போனான். பதினேழு வயது." கொஞ்சம் நிறுத்தி, "அதையா கேட்கிறான்?" என்றார்.

வெண்ணெய், மாவு, பால், மிளகு, மோர். போனை வைத்த பிறகு அறையில் நடந்துகொண்டே அதைச் சத்தமாகத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். அந்த அறையில் என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது.

றெஜினா அக்காவிடம் சொன்னேன். "அவ்வளவுதானே? வியாழக்கிழமை எனக்கு லீவு. வீட்ட வாங்கோ. செய்து பாப்பம்" என்றார்.

அக்கா வீடு இருக்கிற மனுரேவாவுக்கு டீசல் ரயில். ஜன்னலில் கிடங்குகளும் தொழிற்சாலைகளும் பின்னால் ஓடின. நம்மூர் ரயிலில் ஏறினால் உட்காருவதற்குள் எதிரில் இருப்பவர் ஊர், பெயர், சம்பளம் எல்லாம் கேட்டுவிடுவார். இங்கே மனிதருக்கு மனிதர் ஒரு இருக்கை விட்டு உட்கார்ந்து, அவரவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

அக்கா வீட்டில் சத்தம் போடக்கூடாது. கணவர் கிடங்கில் இரவு வேலை பார்த்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். பள்ளி விடுமுறைக்காக வீட்டிலிருந்த மகள் சோபாவில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா தமிழில் கேட்பதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். நாங்கள் இருவரும் சமையலறையில் குசுகுசுவென்று பேசிக்கொண்டு வேலை செய்தோம்.

மோருக்கு அக்கா வீட்டுத் தயிரைக் கரைத்தார். மாவில் வெண்ணெயை விரல் நுனியால் உதிர்த்தார். "ஸ்கோன் செய்ய இஞ்ச வந்துதான் பழகினனான். சர்ச்சில விக்கிறதுக்கு." நான் அடுப்பில் வெண்ணெயை உருக்கி மாவைப் போட்டேன். மணம் வந்தது. பாலை ஊற்றினேன். ஒரே கட்டியாகத் திரண்டது.

"ஐயோ, கெதியாக் கிண்டுங்கோ தம்பி!"

கிண்டினேன். கட்டிகள் பாதிதான் கரைந்தன. மிளகை இடித்துப் போட்டதும் எங்கள் இருவருக்கும் தும்மல். உள்ளே கணவர் புரண்டு படுக்கிற சத்தம். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். மகள் வந்து ஒரு கரண்டி நக்கிப் பார்த்துவிட்டு, உப்பில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிப் போனாள். உப்புப் போட்டோம்.

அக்கா எனக்குச் சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் போட்டார். "வடிவாச் சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"அக்கா, நீங்க ஊருக்குப் போறதுண்டா?"

"இல்லைத் தம்பி. அம்மா அங்கதான். சண்டைக்குள்ள போன் எடுக்கேலாது. ஆரும் கொழும்புக்கு வந்தால் சொல்லிவிடுவினம், இருக்கிறா எண்டு. அவ்வளவுதான்." தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். "உங்கட ஆளுக்குக் கதைக்கிறதுக்கு ஒரு தங்கச்சி இருக்கிறா. கதைக்கச் சொல்லுங்கோ."

சட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். ஒட்டாஹூஹூ ஸ்டேஷனைத் தாண்டியதும் ரயில் நின்றுவிட்டது. எஞ்சின் கோளாறு என்று அறிவித்தார்கள். யாரும் முணுமுணுக்கக்கூட இல்லை. புத்தகத்தைப் புரட்டினார்கள். நான் மட்டும் சட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மடியில் இருந்த சூடு மெல்லக் குறைந்துகொண்டே வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கிரேவி களியாக இறுகியிருந்தது. வார்டு நர்ஸிடம் கேட்டு, கொஞ்சம் பால் விட்டு மைக்ரோவேவில் சூடாக்கினேன். பிஸ்கட்டைப் பிளந்து வைத்து மேலே ஊற்றி, டூலி முன்னால் வைத்தேன். அவர் வேண்டா வெறுப்பாக ஒரு வாய் எடுத்தார்.

மெல்லுவது நின்றது. கரண்டியைக் கீழே வைத்தார்.

"சாஸேஜ் போட வேண்டாம் என்று உனக்கு யார் சொன்னது?"

"உங்கள் தங்கை."

"வாண்டா பேசினாளா? உன்னிடமா?"

"ஆமாம்."

"என்ன சொன்னாள்?"

எல்லாவற்றையும் சொன்னேன். செத்துவிட்டானா என்று கேட்டதையும் மறைக்கவில்லை. வீடு விற்றுப்போனதைச் சொன்னேன். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வந்து தாடிக்குள் இறங்கியது. துடைக்கவில்லை. மிளகுக் காரம் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம், அதுவும் செய்யவில்லை.

"அந்தத் தந்தி எனக்குக் கிடைத்தது" என்றார். "அப்போது கப்பல் ரோட்டர்டாமில் நின்றது. இறங்கிப் போயிருக்கலாம். எந்த முகத்தோடு போவது என்றிருந்தது."

பிறகு தட்டை என் பக்கம் தள்ளினார். "இதில் இறைச்சி இல்லை. நீயும் சாப்பிடு."

ஒரே தட்டில் இரண்டு கரண்டி. எனக்கு அது மிளகு போட்ட மாவுக் கஞ்சியாகத்தான் இருந்தது. மைக்ரோவேவில் பிஸ்கட் ரப்பர் மாதிரி ஆகியிருந்தது. ஆனாலும் சாப்பிட்டேன். ஆக்லாந்தில் அவரோடு சேர்ந்து நான் சாப்பிட்ட முதல் சாப்பாடு. கடைசி வாய்வரை மதிப்பெண் எதுவும் சொல்லவில்லை அவர்.

மறுநாள் முற்பகல் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தாழ்வாரத்தில் இருந்த பொதுத் தொலைபேசிக்குத் தள்ளிப் போனேன். கார்டைச் செருகி எண்ணைப் போட்டு ரிசீவரைக் கையில் கொடுத்தேன்.

"வாண்டா. நான்தான்."

வெகுநேரம் ரிசீவரைக் காதில் வைத்தபடி தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார், அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது தெரியும் என்பதுபோல. கடைசியில், "கிரேவியில் கட்டி இருந்தது. அம்மா செய்வதைப் போலவே" என்றார். நான் தாழ்வாரத்தின் மறுமுனைக்குப் போய் ஜன்னலோரம் நின்றுகொண்டேன்.

அதன் பிறகு அவர் ஆஸ்பத்திரியில் கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டார். அவித்த பட்டாணியைக்கூட. றெஜினா அக்கா காலித் தட்டை எனக்குத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். நான் கடைகளுக்கு அலைய வேண்டியதில்லை. வார்டில் பார்வையாளர் நேரம் முடிந்ததும் குடையைப் பிடித்துக்கொண்டு சும்மா நடந்தேன். மழை, மூடிய கடைகள், விளக்கெரிகிற வீடுகள்.

ஒரு காலை மோட்டல் போன் அடித்தது. சிங்கப்பூர் என்று எடுத்தால் வாண்டா.

"எந்தப் பக்கத்து இடுப்பு?"

"என்ன அம்மா?"

"அவனுக்கு உடைந்தது எந்தப் பக்கம்? மாடிப்படிக்குக் கைப்பிடி வைக்க ஆள் வந்திருக்கிறான். எந்தப் பக்கம் வைக்க என்று கேட்கிறான். கீழே காத்துக்கொண்டு நிற்கிறான்."

இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் எனக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, டூலி கட்டிலிலிருந்து இறங்குவது போல நானும் இறங்கிப் பார்த்தேன். ஒரு காலைத் தரையில் ஊன்றினேன், மற்றதை இழுத்தேன்.

"இடது" என்றேன். "உடைந்தது இடது."

"அப்படியானால் ஏறும்போது வலது கைக்கு வைக்கச் சொல்கிறேன். இறங்கும்போது?"

"இரண்டு பக்கமும் வைத்துவிடுங்கள் அம்மா."

"அதுவும் சரிதான்" என்று போனை வைத்துவிட்டார். அப்புறம் பார்க்கலாம் என்றெல்லாம் சொல்லவில்லை.

டூலி புறப்படுகிற நாள் வந்தது, மாலை விமானம். கம்பெனி ஒரு கைத்தடி வாங்கித் தந்திருந்தது. விமான நிறுவனத்துப் பெண் சக்கர நாற்காலியைத் தள்ள வந்தாள். அவர் என் கையைப் பிடித்தார். பெரிய கை. எண்ணெய்க் கறை போகாத நகங்கள்.

"நீ எப்போது வீட்டுக்குப் போகிறாய், சங்கர்?"

"நாளைக் காலை. சிங்கப்பூருக்கு."

"நான் அதைக் கேட்கவில்லை" என்றார்.

நான் கைத்தடியை அவர் மடியில் சரியாக வைத்தேன். கதவுக்குள் போகும்போது திரும்பிப் பார்ப்பார் என்று நின்றேன். அவர் அந்தப் பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டு போனார்.

பஸ்ஸில் நகரத்துக்குத் திரும்பினேன். மோட்டலுக்கு நேராகப் போக மனம் வரவில்லை. இதுவரை நுழையாத ஒரு சின்ன உணவகத்தில் விளக்கு எரிந்தது. உள்ளே போய் உட்கார்ந்தேன். பரிமாறுகிற பெண் வந்து நின்று, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்றாள்.

பழக்கத்தில் வாயைத் திறந்தேன். ‘பிஸ்கட்டும்’ என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன். வந்த நாளிலிருந்து கடை கடையாகப் போய் நின்றிருக்கிறேன். எல்லாம் இன்னொருவர் வாய்க்காக. எனக்கு என்ன வேண்டும் என்று அந்த ஊரில் நான் யோசித்ததே இல்லை.

"இறைச்சி இல்லாமல்... எது சூடாக இருக்கிறதோ, அது" என்றேன்.

அவள் எழுதிக்கொண்டு, எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தாள். "வேறு யாராவது வருகிறார்களா?"

"இல்லை" என்றேன். "எனக்கு மட்டும்தான்."

அவள் அந்தப் பக்கத்துத் தட்டையும் முள்கரண்டியையும் எடுத்துக்கொண்டு போனாள்.